ஆசனப் பட்டி அணியாத பயணிக்குச் சட்டப் பொறுப்பு உண்டா?

ஹேவாஹெட்டயிலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்படும் வாடகை வான்கள் பலவும் கட்டுநாயக்க விமான நிலையத்தை நோக்கியே செல்கின்றன. மத்திய கிழக்கு நாடொன்றுக்குத் தொழிலுக்காகப் புறப்படும் ஒருவரை வழியனுப்பக் குடும்பமே திரண்டு செல்வது மலையகத் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடமும் காணப்படும் வழக்கமாகும். மாரஸ்ஸன, தலாத்துஓயா ஊடாகக் கண்டிக்கு இறங்கி, கடுகண்ணாவைச் சரிவைக் கடந்து, இரவு முழுவதும் நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை அந்த வான் ஓட வேண்டும். முன்னாசனத்தில் பயணப்படுபவர் அமர்ந்திருப்பார். பின்னால் தாய், மனைவி, மாமா, மடியில் குழந்தை, கால்களுக்கிடையில் பயணப்பெட்டி. இவர்களுள் ஆசனப் பட்டி அணிந்திருப்போர் எத்தனை பேர் என்று கேட்டால், சாரதியும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவரும் என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். அதுவும் பேராதனைச் சந்தியில் பொலிஸார் நிற்பார்கள் என்ற எண்ணத்தினால்தான்.

"அம்மா, பெல்ட்டைப் போட்டுக்கங்க" என்று சாரதி சொன்னாலும், "இருக்கட்டும் நானா, நாங்க பின்னாலதானே இருக்கோம்" என்பதுதான் மறுமொழி. பின்னால் இருப்பவருக்குச் சட்டம் எதையும் சொல்லவில்லை என்பது இந்த மறுமொழியினுள் மறைந்திருக்கும் நம்பிக்கையாகும். இந்த நம்பிக்கை பாதி உண்மை. மீதிப் பாதி எவ்வளவு ஆபத்தானது என்பது விபத்து நிகழ்ந்து, நட்டஈட்டு வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்ற பின்னரே பலருக்கும் தெரியவருகின்றது.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். இலங்கையில் மோட்டார் வாகனங்கள் தொடர்பான அடிப்படைச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டமாகும். அதன் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி 2011 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி தொடக்கம் சாரதியும் முன்னாசனப் பயணியும் ஆசனப் பட்டி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. தெற்கு அதிவேக நெடுஞ்சாலை அதே ஆண்டு நவம்பர் இறுதியில் திறக்கப்படவிருந்த நிலையில் இவ்விதி நடைமுறைக்கு வந்தமை குறிப்பிடத்தக்கதாகும். ஆனால் பின்னாசனத்தில் அமர்ந்திருப்பவரை அந்த விதி தொடவில்லை.

அதன் பின்னர் பல ஆண்டுகள் இவ்விடயம் அப்படியே கிடந்தது. 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை, கெரண்டி எல்லப் பகுதியில் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதற்குப் பின்னரே நெடுந்தூர பஸ் சாரதிகளுக்கும் ஆசனப் பட்டி கட்டாயம் என்ற அறிவித்தல் வந்தது. அதிவேக நெடுஞ்சாலைகளில் செல்லும் வாகனங்களிலுள்ள பயணிகள் அனைவரும் பட்டி அணிய வேண்டும் என்ற நடவடிக்கையும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா சென்ற பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் பலியானதும் இந்த விவாதம் மேலும் சூடுபிடித்தது. இவ்விரு விபத்துகளும் மலைநாட்டுச் சாதாரண வீதிகளிலேயே நிகழ்ந்தன என்பதையும், பயணிகளுக்கான அறிவித்தலோ அதிவேக நெடுஞ்சாலையை முன்னிறுத்தியே வந்தது என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஹேவாஹெட்ட வீதியில் அதிவேகம் ஏது? அங்குள்ளவை வளைவுகளும் பள்ளங்களும்தான்.

இனி மறுபாதிக்கு வருவோம். சட்டம் என்றதும் பொலிஸாரும் தண்டப்பணமுமே நமது நினைவுக்கு வருகின்றன. ஆனால் வீதி விபத்தைப் பொறுத்தவரையில் சட்டத்துக்கு இரண்டு முகங்கள் உள்ளன. ஒன்று குற்றவியல். அது, விதியை மீறியவர் யார், அவருக்கு என்ன தண்டனை என்று பார்க்கின்றது. மற்றையது குடியியல். அது, காயம் யாருடைய கவனயீனத்தினால் ஏற்பட்டது, அதற்கான நட்டத்தை யார் எந்த அளவில் சுமக்க வேண்டும் என்று பார்க்கின்றது. முதலாவது முகம் பின்னாசனப் பயணியைப் பார்த்து மௌனமாக இருப்பதால் இரண்டாவதும் மௌனமாக இருக்கும் என்று எண்ணுவதே தவறாகும்.

இதனை விளங்கிக்கொள்ள இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 1975 ஆம் ஆண்டில் வழங்கிய ஒரு தீர்ப்பைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது. 'புரூம் எதிர் புச்சர்' என்னும் அந்த வழக்கு சட்ட மாணவர்கள் அனைவரும் அறிந்த ஒன்று. 1972 நவம்பரில் புரூம் என்பவர் தமது காரில் மனைவியைப் பக்கத்திலும் மகளைப் பின்னாலும் அமர்த்திக்கொண்டு சென்றுகொண்டிருந்தார். எதிரே வந்த கார் ஒன்று மற்ற வாகனங்களை முந்திக்கொண்டு அவருடைய பக்கத்துக்கு வந்து நேருக்கு நேர் மோதியது. விபத்துக்கு முழுப் பொறுப்பும் எதிரே வந்தவருடையது என்பதில் எவருக்கும் சந்தேகமிருக்கவில்லை. ஆனால் புரூம் ஆசனப் பட்டி அணிந்திருக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, பட்டி அணிந்தவர் விபத்தில் வாகனத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ள நேரிடும் என்று தாம் நம்புவதாக அவர் சொன்னார்.

இந்தப் பதிலை மலையகத்தில் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! "பள்ளத்தில் விழுந்தால் குதித்தாவது தப்பலாம், பட்டி போட்டிருந்தால் மாட்டிக்கொள்வோம்" என்று நம்மவர் சொல்லும் அதே வாதத்தைத்தான் அந்த ஆங்கிலேயரும் சொன்னார். புரளும் வாகனத்திலிருந்து எவரும் குதிப்பதில்லை, தூக்கி எறியப்படுகின்றனர் என்பதே உண்மை. அவ்வாறு வெளியே எறியப்படுவோர், உள்ளேயே தங்கியிருப்போரைவிடப் பன்மடங்கு அதிகமாக இறக்கின்றனர். மரமும் பாறையும் தேயிலைச் செடியின் அடித்தண்டும் ஒருபுறம், தம்மேலேயே உருண்டுவரும் வாகனம் மறுபுறம்.

தீர்ப்பு எழுதிய டெனிங் பிரபு அந்த வாதத்தை ஏற்கவில்லை. அவர் செய்த ஒரு பாகுபாடுதான் இன்றுவரை நிலைத்திருக்கின்றது. விபத்துக்கான காரணம் வேறு, காயத்துக்கான காரணம் வேறு என்றார் அவர். விபத்து எதிரே வந்தவரின் தவறால் நேர்ந்தது. ஆனால் காயத்துக்கு அவருடைய தவறும் காரணம், காயமடைந்தவர் பட்டி அணியாமையும் காரணம். ஆகவே நட்டத்தின் ஒரு பங்கைக் காயமடைந்தவரே ஏற்க வேண்டும். எவ்வளவு பங்கு என்பதற்கும் அவர் எளிய அளவுகோல் ஒன்றை வகுத்தார். பட்டி அணிந்திருந்தால் காயமே ஏற்பட்டிருக்காது எனின், நட்டஈட்டில் 25 சதவீதம் குறைக்கப்படும். காயம் ஏற்பட்டிருக்கும், ஆனால் பெருமளவு குறைந்திருக்கும் எனின், 15 சதவீதம். பட்டி அணிந்திருந்தாலும் அதே காயம்தான் எனின், எதுவும் குறைக்கப்படாது. புரூமுக்குத் தலையிலும் மார்பிலும் ஏற்பட்ட காயங்கள் பட்டியினால் தடுக்கப்பட்டிருக்கும், விரல் முறிவு எப்படியும் நேர்ந்திருக்கும் என்று கண்டு அவருடைய நட்டஈடு குறைக்கப்பட்டது.

இங்கே நாம் மனத்தில் இருத்த வேண்டிய ஒன்றுண்டு. பிரித்தானியாவில் முன்னாசனத்தில் பட்டி அணிவது சட்டப்படி கட்டாயமானது 1983 ஜனவரி 31 ஆம் திகதிதான். பின்னாசனத்தில் வயது வந்தோருக்குக் கட்டாயமானது 1991 இல். தீர்ப்போ 1975 இல் வழங்கப்பட்டது. அதாவது, பட்டி அணியும்படி எந்தச் சட்டமும் கட்டளையிடாத காலத்திலேயே, அதனை அணியாதவர் தம்மீது தாமே கவனயீனமாக நடந்துகொண்டார் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. விதி இல்லை என்பது பொறுப்பு இல்லை என்பதாகாது. வயது வந்த பயணிக்குப் பட்டியைப் போடும்படி சாரதி சொல்லித்தர வேண்டிய அவசியமில்லை என்பதும் அதே தீர்ப்பில் உள்ள கருத்தாகும்.

இங்கிலாந்துத் தீர்ப்புக்கும் இலங்கைக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நமது நாட்டில் இவ்வாறான தீங்குகளுக்கு உரோமன் டச்சுச் சட்டமே அடிப்படை. ஆங்கிலத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்துவதில்லை, எனினும் நமது நீதிமன்றங்கள் அவற்றை மதித்து நோக்குவதுண்டு. அதைவிட முக்கியமானது, பங்களிப்புக் கவனயீனம், கூட்டுத் தவறாளர் ஆகியன தொடர்பான 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டச் சீர்திருத்தச் சட்டம் நமது சட்டநூலிலேயே இருப்பதாகும். காயமடைந்தவரின் கவனயீனமும் அவருடைய நட்டத்துக்கு ஒரு பங்கு காரணமாயின், அந்தப் பங்குக்கு ஏற்ப நட்டஈட்டை நீதிமன்றம் குறைக்கலாம் என்பதே அதன் சாரமாகும். பின்னாசனமா முன்னாசனமா என்று அச்சட்டம் கேட்பதில்லை. கவனயீனம் இருந்ததா என்றுதான் கேட்கின்றது.

கணக்கில் சொல்வதானால், வான் விபத்தில் காயமடைந்த ஒரு தாய்க்கு நீதிமன்றம் பத்து இலட்சம் ரூபா நட்டஈடு மதிப்பிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். டெனிங் பிரபுவின் அளவுகோலை நீதிபதி பின்பற்றினால், அவருடைய கைக்கு ஏழரை இலட்சமோ எட்டரை இலட்சமோதான் வந்துசேரும். கண்டி வைத்தியசாலையில் மாதக்கணக்கில் படுத்திருந்து, தோட்டத்தில் பெயர்பதியும் நாட்களை எல்லாம் இழந்த ஒருவருக்கு அந்த வித்தியாசம் சிறியதன்று.

பட்டி அணிந்திருந்தால் காயம் குறைந்திருக்கும் என்பதை நிரூபிக்க வேண்டியவர் நட்டஈடு கோருபவர் அல்லர், அதனைக் கொடுக்க வேண்டிய தரப்பினரே. ஆனால் அது அவர்களுக்குப் பெரும் சிரமமன்று. பட்டி அணிந்திருந்தவரின் தோளிலும் மார்பிலும் அடிவயிற்றிலும் அதன் தடம் கன்றிப்போய் இருப்பதுண்டு, வைத்திய அறிக்கையிலும் அது பதியப்படலாம். தலையும் முகமும் முன்னிருக்கையில் மோதி உடைந்திருக்க, உடலில் பட்டித் தடமே இல்லையெனின் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் கேள்விகள் தாமாகவே கிடைத்துவிடும்.

"என் உயிர், எனக்குத்தானே நட்டம்" என்பாரும் உளர். அதுவும் சரியன்று. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் மோதி நின்றால், பட்டி அணியாதவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்கின்றது. ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் மேலிருந்து விழும் வேகம் அது. பின்னாலிருந்து அவ்வாறு வரும் உடல் முதலில் மோதுவது முன்னாசனத்தில், பட்டியுடன் ஒழுங்காக அமர்ந்திருப்பவர் மீதுதான். ஜப்பானில் 1990களில் நிகழ்ந்த விபத்துகளை ஆராய்ந்து 2002 ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, பின்னால் இருப்போர் பட்டி அணியாதபோது பட்டி அணிந்த முன்னாசனத்தவர் இறக்கும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகின்றது என்று கண்டது. மகனை வழியனுப்பச் செல்லும் தந்தை மகனுக்குப் பின்னாலேயே அமர்ந்திருக்கின்றார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறான நிலையில் பின்னாசனப் பயணி தம் நட்டஈட்டில் ஒரு பகுதியை இழப்பவர் மட்டுமல்லர், மற்றொருவரின் காயத்துக்குக் கூட்டுத் தவறாளர் என்று வாதிடப்படவும் இடமுண்டு.

பெரிய இடத்து மரணங்கள் இரண்டும் இதற்குச் சான்று. 1997 ஓகஸ்ட் 31 ஆம் திகதி பாரிஸில் இளவரசி டயானாவும் டோடி அல் ஃபயாதும் இறந்த விபத்து தொடர்பான மரண விசாரணையில், 2008 ஏப்ரலில் தீர்ப்பளித்த ஜூரர்கள், சாரதியினதும் பின்தொடர்ந்த வாகனங்களினதும் பாரதூரமான கவனயீனத்தைக் குற்றங்கண்டதோடு, ஆசனப் பட்டி அணியாமையும் மரணத்துக்குக் காரணமாயிற்று என்று பதிவுசெய்தனர். 2022 செப்டெம்பர் 4 ஆம் திகதி மும்பைக்கு அண்மையில் பால்கர் மாவட்டத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தபோதும் அவர் பின்னாசனத்தில், பட்டியின்றியே இருந்தார். முன்னால் பட்டியுடன் இருந்த இருவரும் படுகாயங்களுடன் உயிர்தப்பினர்.

குழந்தைகளின் விடயம் தனியே பேசப்பட வேண்டியது. தாயின் மடியே பாதுகாப்பான இடம் என்பது நம் ஊறிய எண்ணம். அது வீட்டில் உண்மை, ஓடும் வாகனத்தில் அன்று. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை, மேலே சொன்ன வேகத்தில் மோதல் நிகழும் கணத்தில், நூறு கிலோவுக்கும் மேற்பட்ட சுமையாகத் தாயின் கைகளை இழுக்கின்றது. எந்தத் தாயாலும் அதனைப் பிடித்துவைக்க இயலாது. தாயும் பட்டி அணியாதிருப்பின் அவருடைய உடலே குழந்தையை நசுக்கிவிடுகின்றது. ஒரே பட்டியைத் தாயையும் மடியிலுள்ள குழந்தையையும் சேர்த்துப் போடுவதும் இதே ஆபத்தைத் தருவதாகும்.

சட்டம் இங்கே குழந்தையைக் குற்றஞ்சாட்டுவதில்லை. மடியில் இருத்தப்பட்ட குழந்தையின் நட்டஈடு பெற்றோரின் தவறால் குறைவதில்லை. ஆனால் அந்த நட்டஈட்டைக் கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலில் பெற்றோரும் சேர்க்கப்படலாம். முன்னாசனத்தில் தாயின் மடியில் இருந்த மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தை படுகாயமடைந்த ஓர் ஆங்கில வழக்கில், விபத்தை ஏற்படுத்தியவர் வேறொருவராக இருந்தபோதும், குழந்தையை முறையாகப் பாதுகாக்காத குடும்பத்தினர் நட்டஈட்டில் கால்பங்கை ஏற்க வேண்டும் என்று தீர்க்கப்பட்டது. கூட்டுத் தவறாளர் என்ற எண்ணக்கரு நமது 1968 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உண்டு. கர்ப்பிணித் தாய்மாரும் பட்டி அணியலாமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. அணிய வேண்டும் என்பதே இன்றைய வைத்திய ஆலோசனை. கீழ்ப்பட்டி வயிற்றின் மேலாக அன்றி, அதற்குக் கீழே இடுப்பெலும்பில் படியுமாறும், மேற்பட்டி மார்பின் நடுவே செல்லுமாறும் இருத்தல் வேண்டும்.

பட்டி அணியாத வயது வந்த பயணிக்காகத் தண்டிக்கப்பட வேண்டியவர் யார்? நாடுகள் இதில் ஒரே வழியில் செல்லவில்லை. பிரித்தானியாவில் 14 வயதும் அதற்கு மேலும் உள்ள பயணி தமக்குத் தாமே பொறுப்பு, அதற்குக் குறைந்தவர்களுக்குச் சாரதி பொறுப்பு. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 இல் சேர்க்கப்பட்ட 194பி பிரிவு, பட்டி அணியாத பயணியை ஏற்றிச்செல்லும் சாரதிக்கே ஆயிரம் ரூபா தண்டம் விதிக்கின்றது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2017 ஜூலை தொடக்கம் பின்னாசனத்தவர் உட்பட அனைவருக்கும் பட்டி கட்டாயமாக்கப்பட்டது. ஒருவர் அணியாவிடினும் சாரதிக்கு 400 திர்ஹம் தண்டமும் நான்கு கறுப்புப் புள்ளிகளும் என விதிக்கப்பட்டது. துபாயிலும் அபுதாபியிலும் வாகனத்தில் ஏறியதும் கை தானாகவே பட்டியைத் தேடும் நம்மவர், விடுமுறையில் வந்து கட்டுநாயக்கவில் வான் ஏறியதும் அதனை மறந்துவிடுகின்றார்.

சாரதியின் தலையிலேயே எல்லாவற்றையும் சுமத்துவது பொலிஸாருக்கு இலகுவானது. ஆனால் ஊரிலுள்ள பெரியவர்களை வாடகைக்கு ஏற்றிச்செல்லும் இளைஞர் ஒருவர் அவர்களைக் கண்டிப்பாகப் பணிக்க முடியுமா? மறுநாள் வாடகை வேறொரு வானுக்குப் போய்விடும். பிரித்தானிய முறையே நமக்குப் பொருத்தமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எவ்வாறெனினும், பயணி பட்டி அணியவில்லை என்பது கவனயீனமாக வாகனம் செலுத்தி மரணம் விளைவித்த சாரதியைக் குற்றவியல் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு அவருக்கு அப்படியே பொருந்தும்.

இத்தனையும் வாகனத்தில் பட்டி இருந்தால் மட்டுமே. இல்லாத பட்டியை அணியவில்லை என்று எவரையும் குறை கூற முடியாது. ஹேவாஹெட்டயிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் மக்கள் நாளாந்தம் ஏறுவது பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும்தான். முச்சக்கர வண்டியில் பயணிக்குப் பட்டி கிடையாது, பஸ்ஸில் நின்றுகொண்டு செல்பவருக்கு ஆசனமே கிடையாது. அங்கெல்லாம் கேள்வி உரிமையாளரையும், அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரிகளையும், அரசையும் நோக்கியே கேட்கப்பட வேண்டும்.

வாடகை வானின் கதை வேறு. ஜப்பானிலிருந்து வரும் வான்களில் பின்னாசனங்களுக்கும் பட்டிகள் பொருத்தப்பட்டே வருகின்றன. இங்கு வந்த பின் ஆசனங்களுக்குப் புதிய உறை தைக்கும்போது அவை உறைக்கடியில் புதைக்கப்படுகின்றன, கொக்கிகள் இருக்கையிடுக்கில் மறைந்துவிடுகின்றன. சில வான்களில் மேலதிக ஆசனம் பொருத்துவதற்காக வெட்டியெடுக்கப்பட்டும் விடுகின்றன. பட்டியை மறைத்த அல்லது அகற்றிய உரிமையாளர், காயமடைந்த பயணி அதனை அணியவில்லை என்று பின்னர் நீதிமன்றத்தில் வாதிடுவது கடினம். பொறுப்பு அப்போது அவர் பக்கமே திரும்பும். வான் பேசும்போது குளிரூட்டி வேலை செய்கின்றதா என்று கேட்கும் குடும்பங்கள், பின்னாசனப் பட்டிகள் வெளியே இருக்கின்றனவா என்றும் அதே தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடலாம். உறையை வெட்டி அவற்றை வெளியே எடுக்கத் தையற்காரருக்கு அரைநாள் வேலைதான்.